இலையை மடிக்காத பந்தி

இந்தப் பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு. ஆணி அதிகம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, ஆனா நெசமாவே ஆணிதான். இன்னொரு காரணமும் உண்டு. எழுதணும்னு வச்சிருந்த விஷயம் என்னோட சொந்தச் சொதப்பல். ஆற வச்சு எழுதறதா, எழுதாமலே விட்டுடறதான்னு யோசிச்சே காலம் ஓடிருச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வீட்ல யாரும் இல்லை, எழுதிடறேன்.

புதுசா வர்றவங்களுக்கு: நான் கோயமுத்தூர்ல ஒரு சின்ன டேட்டா சென்டர்ல பொட்டி தட்டுறவன். ஊர்ல இருக்கிற கம்பெனிகளுக்கு எங்க சர்வர்ல இடம் பிரிச்சு வாடகைக்கு விடறோம். நான் சேர்ந்தது என்னவோ புரோகிராம் எழுதத்தான். ஸ்டோரேஜைப் பார்த்துக்கிட்டு இருந்தவர் பெங்களூருக்குப் பறந்ததும், "உனக்குத்தான் லினக்ஸ் வருமே"ன்னு டேமேஜர் அதையும் என் தலையில கட்டிட்டார். எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான். கறுப்புத் திரையில மடமடன்னு கமாண்டு தட்டுறவனைப் பார்த்தா எல்லாருக்கும் ஒரு மரியாதை வரும் பாருங்க, அதுக்கு ஆசைப்பட்டேன்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாடம். தூங்கிடாதீங்க, கல்யாணச் சாப்பாடு போட்டே சொல்றேன்.

பெரிய கம்பெனிகள்ல ஹார்ட் டிஸ்கை ஒவ்வொரு சர்வருக்குள்ளயும் தனித்தனியா வைக்க மாட்டாங்க. பீரோ மாதிரி ஒரு பெட்டியில நூத்துக்கணக்கில் அடுக்கி வச்சு, அதுல இருந்து துண்டு துண்டா எல்லா சர்வருக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. அந்தப் பீரோவுக்குப் பேர் ஸ்டோரேஜ் அரே. கொடுக்கிற துண்டுக்குப் பேர் லன். இதுல ஒரு தகிடுதத்தம் இருக்கு. எட்டு டெராபைட் வேணும்னு கேட்கிறவன் முதல் நாளே எட்டையும் நிரப்பறதில்லை. அதனால அரே "இந்தா எட்டு"ன்னு சொல்லிட்டு ஒண்ணுமே ஒதுக்காது. அவன் எழுத எழுத, பொதுக் குளத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கொடுக்கும். இதுதான் தின் ப்ரொவிஷனிங். இதைப் பெரிசாப் பரப்பினவங்கள்ல ஒருத்தர் 3பார்னு ஒரு கம்பெனி. 2010-ல டெல்லும் ஹெச்பியும் அதுக்காக ஏலம் மாதிரி விலை ஏத்திக்கிட்டே போய், கடைசியில ஹெச்பி தூக்கிட்டுப் போச்சு. லினக்ஸ் கெர்னல்லயே இந்த வசதி 2012-ல வந்த 3.2 பதிப்புல சேர்ந்திருச்சு.

மண்டபத்துச் சாப்பாட்டு ஹால்ல 300 பேர்தான் உட்கார முடியும். பத்திரிகை வச்சது ஆயிரம் பேருக்கு. தப்பா? தப்பே இல்லை. ஆயிரம் பேரும் ஒரே பந்தியில வந்து உட்கார மாட்டாங்கங்கிற தைரியம்தான். ஆனா ஹால்ல நின்னு எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வேணும். பத்திரிகைக் கட்டை வச்சுக்கிட்டு எண்ணக் கூடாது.

நான் பத்திரிகைக் கட்டை வச்சு எண்ணினேன்.

2024 செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினொண்ணே கால். ரூம்ல பரோட்டா பார்சலைப் பிரிச்சுட்டு உட்காரும்போது போன். எங்க வாடிக்கையாளர் ஒருத்தர், திருப்பூர்ல பனியன் கம்பெனி. வியாழன் வரைக்கும் எத்தனை பீஸ், வெள்ளிக்கிழமை எத்தனை பீஸ், யார் எத்தனை ஷிப்ட், அட்வான்ஸ் எவ்வளவு பிடிக்கணும் எல்லாம் ராத்திரியோட ராத்திரியா அவங்க சாஃப்ட்வேர் கணக்குப் போடும். காலையில சீட்டு அடிப்பாங்க. சாயங்காலம் சம்பளம். அந்த சாஃப்ட்வேர் ஓடுற மெஷின் எங்க கிட்ட இருக்கு. "ஏனுங், ஸ்கிரீன் அப்படியே நின்னு போச்சுங். ஒண்ணுமே நவுர மாட்டீங்குது"ன்னார் அவங்க கணக்குப்பிள்ளை.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன், மன்னிக்கணும். நான் திருப்பூர்க்காரன். அப்பா பவர்டேபிள் டெய்லர். எங்க வீட்ல கிழமைன்னா அது சனிக்கிழமைதான். மளிகைக்கடை நோட்டு அன்னிக்கு ராத்திரிதான் அடையும், அடுத்த நாள் கறி எடுக்கலாமா வேண்டாமாங்கிறதும் அன்னிக்குத்தான் முடிவாகும். 2006-ல ஒரு சனிக்கிழமை அப்பா வெறுங்கையோட வந்தார். "கணக்குப் போடற கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சாம். திங்கக்கிழமை வாங்கிக்கச் சொல்லிட்டாங்க". அம்மா ஒண்ணும் சொல்லலை. மளிகைக்கடை அண்ணாச்சியும் ஒண்ணும் சொல்லலை, நோட்டை மட்டும் புரட்டிப் பார்த்துட்டு வச்சார். நான் அப்போ சின்னப் பையன். அந்தக் கம்ப்யூட்டர் மேல எனக்கு வந்த கோவம் இருக்கே... அதனாலதான் கம்ப்யூட்டர் படிச்சேன்னு எல்லாம் பீலா விட மாட்டேன், கவுன்சிலிங்ல கெடைச்சதைப் படிச்சேன். ஆனா "படுத்துக்கிச்சு"ங்கிற வார்த்தை மட்டும் மறக்கலை.

சரி, மேட்டருக்கு வர்றேன். லேப்டாப்பைத் திறந்து உள்ளே போனேன். (கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன். அப்படியே டெர்மினல்ல தட்டிட்டு வரலையேன்னு என்னைத் திட்டாதீங்க :-))

விர்ஷ் லிஸ்ட் அடிச்சா அந்த மெஷின் 'பாஸ்டு'ன்னு நிக்குது. யாருமே நிறுத்தலை, தானா நின்னிருக்கு. டாம்ஸ்டேட்டோட ரீசன் சேர்த்துக் கேட்டா 'ஐ/ஓ எர்ரர்'. டிஸ்க் விஷயம். டிஎஃப் அடிச்சேன், ஹோஸ்ட்ல பாதி கூட நிரம்பலை. விஜிஎஸ் அடிச்சேன். எட்டு டெராபைட் வால்யூம் குரூப்ல மூணு டெராபைட்டுக்கு மேல காலி. எல்விஎஸ்லயும் ஒரு குறையும் இல்லை. அரேக்குப் போற கேபிள் பாதை போச்சோன்னு மல்டிபாத் கேட்டேன். நாலு பாதையும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்'. எல்லாம் பச்சை. இடம் இருக்கு, பாதை இருக்கு, டிஸ்க் இருக்கு, எழுத மட்டும் முடியலை. பரோட்டா ஆறிப்போச்சு.

டிமெசேஜ் அடிச்சப்போதான் வயித்துல புளி கரைஞ்சது. 'கிரிட்டிகல் ஸ்பேஸ் அலொகேஷன் எர்ரர்'னு வரி வரியா ஓடுது. இது சாதாரண டிஸ்க் கோளாறு கிடையாது. அரே சர்வரைப் பார்த்து "இடம் ஒதுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லைப்பா"ன்னு சொல்றது. ஸ்கஸி மொழியில அதுக்கு 27, 07-ன்னு தனி நம்பரே வச்சிருக்காங்க.

எஸ்ஜி-ரீட்கேப்னு ஒரு கமாண்டு உண்டு, எஸ்ஜி3-யூட்டில்ஸ் பொட்டலத்துல வரும். அதை 'லாங்' போட்டு லன் மேல ஓட்டினா, அது கெட்டியா ஒதுக்கினதா, வெறும் வாக்குறுதியான்னு சொல்லிடும். எல்பிபிஎம்ஈ 1-ன்னு வந்தா வாக்குறுதி. 1-ன்னு வந்தது. ரெண்டு வருஷமா இந்த லன் மேல உட்கார்ந்து இடம் பிரிச்சுக் கொடுத்துக்கிட்டு இருக்கேன், ஒரு தடவை கூட இதைக் கேட்டுப் பார்த்ததில்லை.

அடுத்து அரேவோட கமாண்டு லைனுக்குள்ள போனேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. நெட்ஆப்னா அக்ரிகேட்டோட 'ஷோ-ஸ்பேஸ்' பார்க்கணும். ஈஎம்சியோட பழைய சிமெட்ரிக்ஸ் ஆளுங்களுக்கு சிம்சிஎஃப்ஜி. எங்களோடது எதுன்னு சொல்லப் போறதில்லை, தப்பு அதோடதும் இல்லை. குளத்தோட விவரத்தைக் கேட்டதும் நாலு நம்பர் வந்தது. மொத்தம் 20 டெராபைட். வாக்குக் கொடுத்தது 52. பயன்பாடு 100 சதம். காலி 0.

52-ல பெரும்பகுதிக்கு 'சரி'ன்னு மெயில் போட்டவன் நான்தான். ஒவ்வொரு தடவையும் விஜிஎஸ் பார்த்து, காலி இருக்குன்னு கொடுத்தது.

அரே சும்மாவும் இருந்திருக்கலை. 70, 80, 90 சதம்னு ஒவ்வொரு படியிலயும் மெயில் அனுப்பியிருக்கு. யாருக்குன்னா, பெங்களூர் போனாரே, அவரோட பழைய முகவரிக்கு. அதைக் கூட விடுங்க. பழைய லாக்கைத் தேடினா, லன் 'தின் ப்ரொவிஷனிங் சாஃப்ட் த்ரெஷோல்டை'த் தொட்டிருச்சுன்னு லினக்ஸ் கெர்னலே 'வார்னிங்!'னு ஆச்சரியக்குறியோட ஒன்பது நாளுக்கு முன்னாடி எழுதி வச்சிருக்கு. கெர்னல் ஆச்சரியக்குறி போட்டு எழுதறதெல்லாம் அபூர்வம். அதையும் யாரும் படிக்கலை. 'யாரும்'னா நான்.

சீனியருக்குப் போன் போட்டேன். மணி பன்னெண்டேகால்.

"சொல்றா".

"அண்ணா, பூல் ஃபுல்லுங்ணா. நூறு பர்சென்ட்".

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "புது டிஸ்க் வர மூணு நாள் ஆகும். எதையாவது காலி பண்ண முடியுமா பாரு"ன்னார்.

"விஜில மூணு டெரா காலியாத்தானே இருக்குங்ணா, அது ஏன் பூல்ல தெரிய மாட்டேங்குது?"

"அந்த மூணு டெரா எப்படிக் காலியாச்சு?"

அப்போதான் மணி அடிச்சது. ஜூலை மாசம், ஒரு வாடிக்கையாளரோட டெஸ்ட் டேட்டாபேஸ் காப்பி மூணு டெராபைட்டுக்கு இருந்தது. வேலை முடிஞ்சதும் நான்தான் எல்வி-ரிமூவ் போட்டு அழிச்சேன். லினக்ஸ் கணக்குல அது காலி. அரேக்கு அந்தச் சேதி போகவே இல்லை. எழுதினப்போ ஒதுக்கின கட்டம் ஒவ்வொண்ணும் அப்படியே இருக்கு.

திரும்பவும் பந்திக்கு வாங்க. சாப்பிட்டு முடிச்சவன் எந்திரிச்சுக் கை கழுவிட்டு வீட்டுக்கே போயிட்டான். இலையை மட்டும் மடிக்கலை. தூரத்துல இருந்து பார்க்கிற பரிமாறுறவனுக்கு அந்த இடத்துல ஆள் இருக்கிற மாதிரிதான் தெரியும். அடுத்த ஆளை உட்கார வைக்க மாட்டான். இலையை மடிக்கிறதுக்கு ஸ்கஸியில 'அன்மேப்'னு பேர். வீட்டு எஸ்எஸ்டியில 'ட்ரிம்'. எல்விஎம் வால்யூமை அழிக்கும்போது அதுவே அன்மேப் அனுப்பணும்னா எல்விஎம் கான்ஃபிக் ஃபைல்ல 'இஷ்யூ-டிஸ்கார்ட்ஸ்' 1-ன்னு இருக்கணும். வழக்கமா வர்றது 0. அதுக்கும் நியாயம் உண்டு. 0-வா இருந்தா, தெரியாம அழிச்ச வால்யூமைக் கூட விஜிசிஎஃப்ஜி-ரெஸ்டோர் போட்டு மீட்க வாய்ப்பு இருக்கு. இலையை மடிச்சுட்டா மடிச்சதுதான்.

இப்போ வழி என்னன்னா, காலியா இருக்கிற அந்த மூணு டெராபைட்டையும் வளைச்சு ஒரு புது வால்யூம் உருவாக்கணும். அது மேல பிளாக்டிஸ்கார்ட் ஓட்டணும். மொத்தமா மடிச்சுப் போட்டுடும். அப்புறம் வால்யூமை அழிச்சுடலாம்.

படிக்கச் சுலபமா இருக்கு இல்லையா? பனியன் கம்பெனியோட வால்யூமும் இதே குரூப்லதான். பிளாக்டிஸ்கார்டுக்குப் பேரை மாத்திக் கொடுத்தா அதுவும் போயிடும். எங்க சர்வர்ல இருந்த பழைய பதிப்பு "நிச்சயமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்காது. குப்பைத்தொட்டி கிடையாது. ஆர்எம் போட்டு அழிச்சதைக் கூட சில நேரம் தோண்டி எடுக்கலாம். இதுல அரே அந்தக் கட்டத்தை வாங்கி வேற ஒருத்தனுக்குக் கொடுத்துடும். அவங்க கடைசி பேக்கப் முந்தின நாள் ராத்திரியோடது. அதாவது வெள்ளிக்கிழமைக் கணக்கு மொத்தமும் அம்போ.

சீனியர் ஸ்கிரீனை ஷேர் பண்ணச் சொல்லலை. "ஒவ்வொண்ணா அடி. எண்டர் தட்டாத. எனக்குப் படிச்சுக் காட்டு"ன்னார்.

புது வால்யூமுக்கு 'குப்பை'ன்னு பேர் வச்சேன், வேற எதோடவும் குழம்பக் கூடாதுன்னு. எல்விஎஸ்ல 'செக் பிஈ ரேஞ்சஸ்' கேட்டு, அது லன்ல எந்தக் கட்டத்துல இருந்து எந்தக் கட்டம் வரைக்கும்னு பார்த்து, பனியன் கம்பெனி வால்யூமோட நம்பர்களையும் பக்கத்துல பேப்பர்ல எழுதினேன். ஒண்ணோட ஒண்ணு உரசலை. லிஸ்ட்பிளாக் ஹைபன் டி போட்டு, அன்மேப் அனுப்பினா இந்தப் பாதையில போய்ச் சேருமான்னும் பார்த்துக்கிட்டேன். அப்புறம் பிளாக்டிஸ்கார்ட். முதல்ல மொத்தத்தையும் வேண்டாம், நீளம் 50 ஜிபி மட்டும் போடுன்னார். தட்டினேன். படிச்சுக் காட்டினேன். ஸ்லாஷ், டெவ், ஸ்லாஷ், குரூப் பேர், ஸ்லாஷ், குப்பை. "இன்னொருக்கா". படிச்சேன். "இன்னொருக்கா". மூணாவது தடவை படிக்கும்போது எனக்கே குரல் நடுங்குச்சு.

"ம். தட்டு".

ரெண்டு செகண்டுல முடிஞ்சிருச்சு. அரேல காலி எவ்வளவுன்னு கேட்டேன். 0. திரும்பக் கேட்டேன். 0. மேல் அம்புக்குறி, எண்டர். 0. தப்பான இடத்தை மடிச்சுட்டோமோன்னு கை ஜில்லுன்னு ஆகிருச்சு. "இருடா, அது பின்னாடி நிதானமாத்தான் எடுத்து வைக்கும்"னார் அண்ணன். ரெண்டு நிமிஷம் இருக்கும். காலி 49 ஜிபி.

மிச்சத்தையும் துண்டு துண்டா மடிச்சு முடிக்க ஒன்றரை மணி ஆச்சு. பயன்பாடு 85 சதத்துக்கு இறங்கிச்சு. விர்ஷ் ரெஸ்யூம் அடிச்சேன். அந்த மெஷின் நின்ன இடத்துல இருந்து அப்படியே தொடர்ந்து ஓட ஆரம்பிச்சது. இடம் இல்லைங்கிற பிழை வந்தா க்யூஇஎம்யூ அதை உள்ள இருக்கிற மெஷினுக்குச் சொல்லாமலே நிறுத்தி வச்சிடும். அதனால நடந்தது எதுவுமே அதுக்குத் தெரியாது. ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு எந்திரிச்ச குழந்தை மாதிரி விட்ட இடத்துல இருந்து கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. (வேற ஒரு சர்வர் லன்னை நேரா மவுன்ட் பண்ணியிருந்தது. அது ரீட்-ஒன்லிக்குப் போய், ஃபைல் சிஸ்டத்தைச் சரி பண்றதுக்குள்ள விடிஞ்சிருச்சு. அது தனிக்கதை, அழுகாச்சிக் கதை.)

நாலு மணிக்குக் கணக்குப்பிள்ளை போன் பண்ணினார். "வந்துருச்சுங் தம்பி. சீட்டு அடிக்கறேனுங்".

சனிக்கிழமை மத்தியானம் ரிப்போர்ட் எழுதணும். டேமேஜர் நல்ல மனுஷன்தான், என்னைக் காப்பாத்தணும்னுதான் சொன்னார், "ஸ்டோரேஜ் அரே இஷ்யூன்னு ஒரு வரி போட்டு முடிச்சுடுப்பா, யாரு கேக்கப் போறா"ன்னு. அப்ரைசல் மாசம் வேற. நானும் அப்படித்தான் டைப் அடிச்சேன். அடிச்சுட்டுப் படிச்சா, கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சுன்னு எழுதியிருந்த மாதிரியே இருந்தது. அழிச்சுட்டு, ஜூலைல வால்யூமை அழிச்சது நான், டிஸ்கார்ட் அனுப்பலை, 52 டெராபைட்டுக்குச் சம்மதம் சொன்னப்போ பூலைப் பார்க்கலை, எச்சரிக்கை மெயில் போற முகவரியை மாத்தலைன்னு நாலு வரி எழுதி அனுப்பிட்டேன். அப்ரைசல்ல என்ன கெடைச்சதுன்னு கேக்காதீங்க.

அன்னிக்குச் சாயங்காலமே பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டேன். திண்ணையில உட்கார்ந்து அப்பாகிட்ட இதை எல்லாம் சொன்னேன். பந்தி உதாரணம் என்னோடதுதான், ஆனா இலை மேட்டர் அவரோடது. நான் ரொம்ப நேரம் கட்டம், ஒதுக்கீடுன்னு இழுத்ததும், "எலைய மடிக்காமப் போயிட்டான்னு சொல்லு கண்ணு"ன்னு ஒரே வரியில முடிச்சார். அப்புறம் கேட்டார், "எந்தக் கம்பெனி?"

"அதைச் சொல்லக் கூடாதுப்பா".

"எத்தன பேரு வேல பாக்கறாங்க?"

"நானூத்திச் சொச்சம்".

"சம்பளம் போட்டுட்டாங்களா?"

"ஆறு மணிக்குப் போட்டாச்சாம்".

தலையை ஆட்டிட்டு, மளிகைக்கடைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார். "உங்கம்மா கூப்பிடறா பாரு, போய்ச் சாப்புடு".

டிஸ்கி: இப்போ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன். திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு அரேக்குள்ள போய் வாக்கு எவ்வளவு, நிஜம் எவ்வளவுன்னு ரெண்டே நம்பரை எடுத்து டீம்ல எல்லாருக்கும் மெயில் போடும். மெஷின்களுக்குள்ள வாரம் ஒருக்கா எஃப்எஸ்ட்ரிம்மும் ஓடுது. அது அரே வரைக்கும் போய்ச் சேரணும்னா லிப்விர்ட்ல டிஸ்க் வரியில டிஸ்கார்ட் 'அன்மேப்'னு போட்டிருக்கணும், அதுல ரெண்டு மெஷின் இன்னும் பாக்கி. போன வாரம் 81 சதம். நாளைக்குப் பார்க்கணும்.